சின்னப் பிள்ளை கையில் டேப்லெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் தவழ ஆரம்பிக்கும் முன்பே எங்கள் வீட்டுக்கு டேப்லெட் வந்துவிட்டது. இளையவன் விஷயத்தில் கொஞ்சம் புத்தி வந்து தள்ளிப்போட்டோம். நான் டாக்டர் இல்லை. ஆனால் மூத்தவளிடம் பட்ட பாட்டுக்குப் பிறகு இந்த விஷயத்தை விடாமல் படித்து வருகிறேன். அதனால் எங்கள் குடியிருப்பில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். சின்னப் பிள்ளை என்று நான் சொல்வது 6 வயதுக்குள் இருப்பவர்களை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கொடுக்கலாமா, கூடாதா?

2 வயது வரை வேண்டாம். அதற்கப்புறம் கொஞ்ச நேரம், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்தால், கொடுக்கலாம்.

டேப்லெட்டில் விஷம் ஒன்றும் இல்லை. அது கையில் இல்லாவிட்டால் அந்த நேரத்தில் பிள்ளை என்ன செய்துகொண்டிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். சொப்பு சாமான் வைத்து விளையாடியிருப்பான், மொட்டை மாடியில் ஓடியிருப்பான், "அது என்ன, இது ஏன்" என்று உங்களைத் தொணதொணத்திருப்பான் என்றால் நஷ்டம் பெரிது. சும்மா கூடத்தில் உட்கார்ந்து பெரியவர்களோடு சீரியல் பார்த்திருப்பான் என்றால் டேப்லெட்டால் புதிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை.

போனும் இதில் சேர்த்தியா?

சேர்த்திதான். திரை சின்னது என்பதால் போனை இன்னும் கிட்டே பிடிப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எத்தனை மணி நேரம் என்று யாராவது கணக்குச் சொல்லியிருக்கிறார்களா?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம். ஒரு வயது முடிந்து இரண்டு ஆகும்வரையும் அதேதான். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமான ஐ.ஏ.பி. 2021இல் வெளியிட்ட வழிகாட்டியும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. 2 வயதுக்குள் சொந்தக்காரர்களோடு எப்போதாவது பேசும் வீடியோ கால் மட்டும். 2 முதல் 5 வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1999இல் 2 வயதுக்குள் டிவியே காட்டாதீர்கள் என்று கறாராகச் சொன்னது. 2010இல் ஐபேட் வந்து வீடுகளின் நிலவரமே மாறிப்போனது. 2016இல் அவர்களும் கொஞ்சம் இறங்கி வந்து, ஒன்றரை வயதுக்கு மேல் நல்ல நிகழ்ச்சியாகப் பார்த்து, பெற்றோரும் கூட உட்கார்ந்தால் பரவாயில்லை என்றார்கள்.

இந்த "ஒரு மணி நேரம்" ஏதோ ஆய்வகத்தில் அளந்து எடுத்த எண் இல்லை. கிடைத்த சான்றுகளின் தரம் மிகக் குறைவு என்று உலக சுகாதார நிறுவனமே அந்த வழிகாட்டியில் ஒப்புக்கொள்கிறது. அதனால் ஒரு நாள் 70 நிமிடம் ஆகிவிட்டால் மனசைப் போட்டு உளப்ப வேண்டாம். அதே ஆவணத்தில் யாரும் கவனிக்காத இன்னொரு கணக்கு இருக்கிறது: 1 முதல் 4 வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாவது உடம்பை அசைத்து ஓடியாட வேண்டும். 3, 4 வயதில் 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும், பகல் தூக்கத்தையும் சேர்த்து. முதலில் இந்த இரண்டையும் நிறைவேற்றிப் பாருங்கள். டேப்லெட்டுக்கு மிஞ்சும் நேரம் தானாகவே சுருங்கிவிடும்.

ஒன்றரை வயதில் என் பையன் ஆங்கில ரைம்ஸ் எல்லாம் சொல்கிறானே. டேப்லெட் பார்த்துத்தானே கற்றுக்கொண்டான்?

ராகத்தைக் கற்றுக்கொண்டிருப்பான். பேச்சு அப்படி வராது.

அமெரிக்காவில் பட்ரீஷியா குல் என்ற ஆய்வாளர் 2003இல் ஒரு சோதனையை வெளியிட்டார். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த 9 மாதக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார். ஒரு கூட்டத்தோடு சீன மொழி பேசுபவர் நேரில் உட்கார்ந்து 12 முறை விளையாடினார், கதை படித்தார். இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆட்கள் அதையே செய்யும் வீடியோ. நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழிக்கே உரிய ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். வீடியோ பார்த்தவர்களோ சீனமே கேட்காத குழந்தைகளைப் போலத்தான் இருந்தார்கள். ஒலி ஒன்றுதான். ஆனால் எதிரில் இருக்கும் ஆள் குழந்தையின் கண்ணைப் பார்க்கிறார், அது கை நீட்டினால் அந்தப் பக்கம் திரும்புகிறார், அது சிரித்தால் சிரிக்கிறார். ரைம்ஸில் வரும் கார்ட்டூன் அம்மா உங்கள் பையன் என்ன சொன்னாலும் அதே சிரிப்பைத்தான் சிரிப்பாள்.

வயது ஏற ஏற இது மாறும். 4 முதல் 6 வயதுப் பிள்ளைகள் கோபுரம் அடுக்கும் ஒரு புதிரைத் தொடுதிரையில் பழகி, அப்புறம் அதை நிஜமான மரத்துண்டுகளை வைத்தும் போட்டார்கள் என்று 2016இல் ஓர் ஆய்வு வந்தது. அதனால் 5 வயதுக்காரன் டேப்லெட்டில் ஒன்றுமே கற்க மாட்டான் என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்றரை வயதுக்குச் சொல்வேன்.

அப்படியானால் வெளிநாட்டில் இருக்கும் அப்பாவோடு வீடியோ காலில் பேசுவது?

தாராளமாக. அங்கே எதிரில் இருப்பது நிஜ ஆள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், பதிலுக்குக் காத்திருக்கிறார். இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகள் வீடியோ காலில் பேசியவரிடமிருந்து புதிய வினைச்சொற்களைக் கற்றுக்கொண்டார்கள், பதிவுசெய்த வீடியோவிலிருந்து கற்கவில்லை என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. துபாயிலோ சிங்கப்பூரிலோ அப்பா வேலை பார்க்கும் எத்தனையோ வீடுகளில் பிள்ளைக்கு அவர் முகம் மறக்காமல் இருப்பதே இதனால்தான். மேலே சொன்ன வழிகாட்டிகள் எதுவும் இதைக் குறை சொல்லவில்லை.

டேப்லெட் இல்லாவிட்டால் ஒரு வாய் சோறு இறங்குவதில்லை. என்ன செய்வது?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான், வார்த்தை மட்டும் மாறும்.

முதலில் ஒரு கணக்கு. பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை ஒரு வயதில் 9 கிலோவை ஒட்டி வரும். அதாவது முதல் வருடத்தில் 6 கிலோ. இரண்டாவது வருடத்தில் ஏறுவது இரண்டு, இரண்டரைக் கிலோதான். வளர்ச்சியின் வேகம் தணிகிறது, பசியும் தணிகிறது. சரியாக இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் "பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குது" என்ற புலம்பல் ஆரம்பிக்கிறது, டேப்லெட்டும் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறது. பிள்ளைக்குப் பசி குறைந்தது இயற்கை. நாம் வைக்கும் சோற்றின் அளவுதான் குறையவில்லை.

படம் ஓடும்போது பிள்ளை வாயைத் திறப்பது பசியால் இல்லை. கண் திரையில் இருக்கிறது, வாய் தானாகத் திறக்கிறது. என்ன சாப்பிட்டோம், வயிறு நிறைந்ததா என்று அதற்குத் தெரியாது. பருப்புச் சாதத்தின் ருசியும் தெரியாது, "போதும்" என்று சொல்லவும் பழகாது. அன்றைக்கு நிலாவைக் காட்டி ஊட்டினோமே, அதுவும் கவனத்தைத் திருப்பும் வேலைதானே என்று என் மாமியார் மடக்கினார். நியாயமான கேள்வி. ஆனால் நிலாச்சோற்றில் ஊட்டுகிறவரும் பிள்ளையும் ஒரே நிலாவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நிலா அடுத்த நொடியே இன்னொரு நிலாவுக்குத் தாவவும் இல்லை.

எப்படி நிறுத்துவது? நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி டேப்லெட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். சனிக்கிழமை முதல் எல்லாரும் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் தட்டில் கொஞ்சமாக வைத்து, அவள் கையாலேயே சாப்பிட விட்டோம். 20, 25 நிமிடம் ஆனதும் தட்டை எடுத்துவிட்டோம், திட்டவில்லை, கெஞ்சவில்லை. அடுத்த வேளைவரை இடையில் பிஸ்கட், பால் என்று எதுவும் கிடையாது, தண்ணீர் மட்டும். முதல் நாள் இரண்டு இட்லியில் ஒன்றைப் பிய்த்துப் போட்டு அழுதாள். இரண்டாம் நாள் வீட்டில் எனக்கும் மாமியாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நான்காம் நாள் தயிர்சாதத்தைத் தானே அள்ளிச் சாப்பிட்டாள். எல்லா வீட்டிலும் நான்கு நாளில் முடியும் என்று சொல்ல முடியாது. ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம்.

என்ன உணவு, எந்த நேரம் என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். எடை இறங்கினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, சோர்ந்து கிடந்தாலோ இந்தச் சோதனையை எல்லாம் வீட்டில் செய்யாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அடம் பிடித்து அழும்போது இரண்டு நிமிடம் காட்டினால் அமைதியாகிவிடுகிறாள். அதுவும் தப்பா?

ஊசி போடும்போது, முடி வெட்டும்போது என்று எப்போதாவது காட்டினால் ஒன்றும் ஆகாது. தினமும் அதுதான் மருந்து என்றால் யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் 3 முதல் 5 வயதுவரையான 422 பிள்ளைகளைக் கவனித்து 2022இல் வெளிவந்த ஆய்வு, அழுகையை அடக்க அடிக்கடி திரையைக் கொடுத்த வீடுகளில் சில மாதம் கழித்துப் பிள்ளைகளின் உணர்ச்சிக் கொந்தளிப்பு கூடியிருந்ததாகச் சொல்கிறது. ஆண்பிள்ளைகளிடமும், முதலிலிருந்தே துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைகளிடமும் இது அதிகம் தெரிந்தது. அழுது, ஓய்ந்து, தானே தேறுவதும் பழகிக்கொள்ள வேண்டிய ஒரு வித்தைதான். ஒவ்வொரு முறையும் திரை குறுக்கே வந்தால் எப்போது பழகுவாள்?

கண் கெட்டுப்போகுமா?

திரையின் வெளிச்சம் கண்ணை எரித்துவிடாது. பிரச்சினை தூரத்தில் இருக்கிறது. டிவி எட்டு, பத்து அடி தள்ளி இருக்கும். டேப்லெட்டைப் பிள்ளை ஒரு அடிக்குள், சில சமயம் மூக்கில் இடிக்கிற மாதிரி பிடிக்கும். வளரும் கண் நாள் முழுக்கக் கிட்டத்துப் பொருளையே பார்த்துக்கொண்டு, வெளி வெளிச்சமும் படாமல் இருந்தால், கண்விழி நீளவாக்கில் வளர்ந்து கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு கூடுகிறது.

இதற்கு மருந்து வெயில். சீனாவின் குவாங்ஜோ நகரில் 12 பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், வெளியே விட்ட பள்ளிகளில் நூற்றுக்கு 30 பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, மற்ற பள்ளிகளில் 40 பேருக்கு. 2015இல் வெளியான ஆய்வு இது. நம் வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). பகலில் வெளியே மர நிழலில்கூட அதைப்போலப் பல மடங்கு. குவாங்ஜோவில் இருக்கும் வெயில் நம் ஊரில் இல்லையா? சாயங்காலம் நாலரை மணிக்குத் தெருவில் விட்டாலே போதும். வெயிலில் கறுத்துப்போவாள் என்று உள்ளே பூட்டிவைக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். கறுத்தால் கறுக்கட்டும்.

திரையின் நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கித் தரலாமா?

வேண்டாம். பலனில்லை, காசு மிச்சம்.

படுக்கும்போது பார்த்தால் தூக்கம் வருகிறது என்கிறானே?

களைத்து விழுகிறான். தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் என்ற சுரப்பு இருட்டியபிறகுதான் ஊறும். முகத்துக்கு நேரே வெளிச்சம் இருந்தால் தள்ளிப்போகும். சின்னப் பிள்ளைகளின் கண்மணி பெரிது, கண்ணின் வில்லை தெளிவானது, அதனால் நம்மைவிட அவர்களுக்கு வெளிச்சம் அதிகம் உள்ளே போகும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே எடுத்துவிடுங்கள். கதை சொல்லத் தெரியாது என்பார்கள். சொந்த ஊரில் நீங்கள் கிணற்றில் குதித்த கதை போதும், பிள்ளைக்கு அது சினிமா.

இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. டேப்லெட்டால் ஆட்டிசம் வந்துவிட்டதா?

டேப்லெட் பார்த்து ஆட்டிசம் வருவதாக நிரூபணம் இல்லை. அது பிறவியிலேயே மூளை வளரும் விதத்தோடு வருவது, பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. "விர்ச்சுவல் ஆட்டிசம்" என்று வாட்ஸப்பில் சுற்றும் பெயரை மருத்துவத்தின் அதிகாரபூர்வமான நோய்ப்பட்டியல்களில் பார்க்க முடியாது.

பேச்சு தாமதமாவது வேறு விஷயம். அதற்கும் திரை நேரத்துக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஜப்பானில் 7,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2023இல் வந்த ஆய்வில், ஒரு வயதில் அதிகம் திரை பார்த்தவர்களுக்கு 2 வயதிலும் 4 வயதிலும் பேச்சுத் தொடர்பில் பின்தங்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. திரை காரணமா, அல்லது பேச ஆள் இல்லாத வீட்டில்தான் திரையும் அதிகம் ஓடுகிறதா என்று இப்படிப்பட்ட ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

எப்படியிருந்தாலும், டேப்லெட்டை நிறுத்திவிட்டு ஆறு மாதம் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். இன்றைக்கே நிறுத்துங்கள், இந்த வாரமே டாக்டரிடமும் காட்டுங்கள். 2 வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேச வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். முதலில் காது கேட்கிறதா என்று சோதிப்பார்கள், அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். பெரிய அரசு மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. என்று இதற்கென்றே மையம் இருக்கிறது, காசு கிடையாது. "அவன் அப்பாவே மூன்று வயதில்தான் பேசினான்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டுங்கள்.

பேச முடியாத பிள்ளைகளுக்கு டேப்லெட் நல்லது என்று கேள்விப்பட்டேனே?

ஆமாம், இங்கே மேலே சொன்ன கணக்கெல்லாம் பொருந்தாது. சென்னையில் அஜித் நாராயணன் என்ற பொறியாளர், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கான வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து "ஆவாஸ்" என்ற கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் அது பிள்ளைக்காகப் பேசும். முதலில் தனிக் கருவியாக வந்து, பிறகு டேப்லெட் செயலியானது. தமிழிலும் பேசுகிறது. "தண்ணி வேணும்" என்று வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்கும் பிள்ளைக்கு அது வாய். வாய்க்கு யாராவது ஒரு மணி நேரம் என்று கணக்கு வைப்பார்களா?

ஸ்டீவ் ஜாப்ஸே தன் பிள்ளைகளுக்கு ஐபேட் கொடுக்கவில்லையாமே?

2010இல் ஒரு நிருபரிடம் அப்படிச் சொன்னார், உண்மைதான். அப்போது ஐபேட் கடைக்கு வந்தே சில மாதம்தான் ஆகியிருந்தது. அவருடைய கடைசிப் பெண்ணுக்கே 12 வயது ஆகியிருந்தது. நம் இரண்டு வயதுப் பஞ்சாயத்துக்கு அவர் சாட்சி இல்லை.

"கல்வி" என்று போட்டிருக்கும் செயலிகளை நம்பலாமா?

அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகள் பயன்படுத்தும் 135 செயலிகளை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது 95 சதவீதத்தில் ஏதோ ஒரு வடிவில் விளம்பரம் இருந்தது. விளையாட்டுக்கு நடுவே பூட்டிய பெட்டியைக் காட்டி, "அப்பாவிடம் சொல்லித் திறக்கச் சொல்" என்று பொம்மையே அழும் ரகம்கூட உண்டு.

நான் பார்ப்பது இவ்வளவுதான்: முடிவு என்று ஒன்று இருக்கிறதா, தானாக அடுத்ததற்கு ஓடாமல் நிற்கிறதா, ஐந்து நிமிடம் நானும் கூட உட்கார்ந்தால் பேச ஏதாவது கிடைக்கிறதா. தமிழ் எழுத்து கற்க நானும் நாலைந்து செயலிகளைப் போட்டுப் பார்த்தேன். கோட்டின் மேல் விரலை இழுத்தாலே நட்சத்திரம் கொட்டுகிறது. "ழ" எழுதும் சுழி கைக்கு வரவில்லை. விஜயதசமியன்று தாம்பாளத்தில் அரிசி பரப்பி எழுதினோமே, அதையே இன்னும் ஒரு மாதம் தொடர்ந்தோம். வந்துவிட்டது.

எல்.கே.ஜி.க்கே டேப்லெட் வாங்கச் சொல்கிறது பள்ளி.

எங்களிடமும் ஒரு பள்ளி கேட்டது. எதற்கு, தினமும் எத்தனை நிமிடம், வீட்டுப்பாடமும் அதிலா என்று எழுத்தில் கேளுங்கள். கொரோனா சமயத்தில், வேறு வழியே இல்லாத 2020இல்கூட, மழலையர் வகுப்புகளுக்கு ஒரு நாளைக்கு 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்றுதான் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் வழிகாட்டி சொன்னது. அதை நான் எடுத்துக் காட்டியதும் "விருப்பப்பட்டால் வாங்கலாம்" என்று மாற்றிக்கொண்டார்கள்.

வாங்கியாகிவிட்டது. எதை எதை மாற்றி வைக்க வேண்டும்?

ஐபேடில் அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை பகுதியில் "கைடட் ஆக்சஸ்" இருக்கும். போட்டுவிட்டால் ஒரே செயலியை விட்டு வெளியே போக முடியாது. ஆண்ட்ராய்டில் "ஆப் பின்னிங்" என்று தேடுங்கள். நேரக் கட்டுப்பாட்டுக்கு ஐபேடில் "ஸ்கிரீன் டைம்", ஆண்ட்ராய்டில் "ஃபேமிலி லிங்க்". யூடியூப் கிட்ஸில் நீங்கள் தேர்ந்தெடுத்த வீடியோக்கள் மட்டும் வருகிற மாதிரி வைக்க முடியும், தேடும் வசதியும் அணைந்துவிடும். தானாக அடுத்த வீடியோ ஓடுவதை முதல் வேலையாக நிறுத்துங்கள். பணம் கட்டும் கார்டு அதில் சேர்ந்திருக்கக் கூடாது. பாட்டு, கதை எதுவானாலும் முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டு வைஃபையை அணைத்துக் கொடுப்பது என் வழக்கம். பாதித் தொல்லை அதிலேயே போய்விடும்.

நேரம் முடிந்து பிடுங்கினால் வீடே இரண்டாகிறது.

பிடுங்காதீர்கள். "அஞ்சு நிமிஷம்" என்றால் நாலு வயதுக்கு என்ன புரியும்? "இந்தப் பாட்டு முடிஞ்சதும் நீயே அமுக்கி மூடணும்" என்று சொல்லி, மூடும் வேலையை அவனிடமே கொடுங்கள். மூடியதும் கையில் வேறு ஏதாவது இருக்க வேண்டும்: பட்டாணி உரிக்கட்டும், துணி மடிக்கட்டும். வெறும் கையோடு விட்டால் திரும்ப அங்கேதான் போகும்.

நாங்கள் வேலைக்குப் போனபின் தாத்தா பாட்டி கொடுத்துவிடுகிறார்கள்.

மூட்டு வலியோடு மூன்று வயதுப் பிள்ளையின் பின்னால் எட்டு மணி நேரம் ஓடுவது யாரால் முடியும்? அவர்களைக் குற்றம் சொல்லும் முன் அதை நினைத்துப் பாருங்கள். முழுசாகத் தடை போடாமல், அவர்கள் ஓய்வெடுக்கும் அரைமணி நேரத்தை மட்டும் ஒதுக்குங்கள். என்ன ஓட வேண்டும் என்பதை நீங்களே போட்டு வைத்துவிட்டுப் போங்கள். பக்கத்தில் அங்கன்வாடி இருந்தால் காலையில் அங்கே அனுப்பலாம். பிள்ளைக்குக் கூட்டாளிகள் கிடைப்பார்கள், பாட்டிக்கு முதுகு சாய்க்க இடம் கிடைக்கும்.

ராத்திரி முழுக்க ரயில், நாகர்கோவில் வரை போகிறோம். அப்போதுமா கூடாது?

கொடுங்கள். எதிர் பெர்த்தில் இருப்பவரும் டிக்கெட் வாங்கித்தான் வந்திருக்கிறார். செங்கல்பட்டு ஏரி தாண்டும் வரை மட்டும் ஜன்னலோரம் உட்கார வையுங்கள், அதுவரை அவனுக்கே டேப்லெட் ஞாபகம் வராது. ஒலியை ஹெட்போனில் குறைவாக வையுங்கள். சார்ஜர் எடுத்துவைக்க மறந்துவிட்டீர்கள் என்றால் அதுவும் நல்லதற்குத்தான்.